கண்ணை மூடினால் சிரிப்பு வருகிறது

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பல ஒரே பொருளைச் சுற்றி அமைந்திருந்தன. பள்ளிகளில் ‘மைண்ட்ஃபுல்னெஸ்’ என்ற பெயரில் நடக்கும் வகுப்புகளைப் பற்றிப் பெற்றோரும், ஓர் ஆசிரியையும், ஒரு மாணவியும் எழுதியிருக்கிறார்கள். இச்சொல்லை ‘நினைவாற்றல்’ என்றும் ‘மனநிறைவு’ என்றும் தமிழில் எழுதிவருகிறார்கள். முன்னது ஞாபகசக்தியையும் பின்னது திருப்தியையும் குறிப்பதால் குழந்தைகளுக்குக் குழப்பமே மிஞ்சுகிறது. ஆகவே இந்தப் பகுதியில் ‘முழுக்கவனம்’ என்று எழுதுகிறேன்.

கேள்வி: என் மகன் நான்காம் வகுப்பு படிக்கிறான். இந்த ஆண்டு முதல் காலை வழிபாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் கண்ணை மூடி மூச்சைக் கவனிக்கச் சொல்கிறார்கள். “கண்ணை மூடினாலே சிரிப்பு வருதும்மா, மிஸ் திட்டுறாங்க” என்கிறான். ‘ஒத்துழைப்பதில்லை’ என்று டைரியிலும் எழுதி அனுப்பிவிட்டார்கள். அவனிடம் ஏதேனும் குறை இருக்கிறதா? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: உங்கள் மகனிடம் குறை எதுவும் இல்லை. ஒன்பது வயதுப் பிள்ளைகள் நாற்பது பேரை நெருக்கமாக உட்காரவைத்துக் கண்ணை மூடச் சொன்னால் சிரிப்பு வருவதுதான் இயல்பு. அதில் பாதி கூச்சம். மீதி, பக்கத்தில் இருப்பவன் என்ன செய்கிறான் என்று தெரியாமல் போவதால் வரும் பதற்றம்.

பள்ளி ஆலோசகராகப் பணியாற்றிய காலத்தில், இத்தகைய வகுப்பு முடிந்து வெளியே வந்த ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியிடம், அந்தப் பத்து நிமிடத்தில் என்ன நடந்தது என்று கேட்டேன். “நல்லா இருந்தது மிஸ், அமைதியா இருந்தது” என்று ஒப்பித்தாள். உண்மையிலேயே என்ன நடந்தது என்று மறுபடியும் கேட்டபோது, குற்றத்தை ஒப்புக்கொள்கிறவளைப் போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். முதலில் மின்விசிறி ‘டக் டக்’ என்று அடிப்பது கேட்டதாம். பிறகு பக்கத்திலிருந்தவளின் முழங்கை இடித்ததாம். அதன் பிறகு டிபன் பாக்ஸில் இருப்பது எலுமிச்சைச் சாதமா தயிர்ச் சாதமா என்று யோசித்தாளாம். கடைசியில் மிஸ் பார்க்கிறார்களா என்று அறிய ஒரு கண்ணை மட்டும் திறந்தாளாம். அன்று அந்த வகுப்பிலேயே பயிற்சியை மிகச் சரியாகச் செய்தவள் நீதான் என்று அவளிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை.

நான் சொன்னது ஆறுதலுக்காக அன்று. மனம் எங்கும் அலையாமல் நிற்பது இந்தப் பயிற்சியின் இலக்கே இல்லை. அது அலைந்துவிட்டதைக் கண்டுகொள்வதும், கண்டுகொண்ட பிறகு தன்னைத் திட்டிக்கொள்ளாமல் மூச்சுக்கோ ஓசைக்கோ திரும்பி வருவதுமே பயிற்சி. இங்கிலாந்தின் தொடக்கப் பள்ளிகளில் சொல்லித்தரும் ஒரு பாடத்திட்டத்தில் மனத்தை நாய்க்குட்டியோடு ஒப்பிடுகிறார்கள். குட்டி ஓடும், மோப்பம் பிடிக்கும், செருப்பைக் கடிக்கும். அதை அடிக்காமல் தூக்கிவந்து மறுபடியும் உட்காரவைக்க வேண்டும். மனம் ஒரு குரங்கு என்று கேட்டே வளர்ந்த நமக்கு இது புதிய செய்தி அன்று. ஆனால் குரங்கென்றதும் அடக்க வேண்டும் என்ற எண்ணமும் கூடவே வந்துவிடுகிறது. நாய்க்குட்டி என்றால் குழந்தைக்கு அதன்மேல் பிரியம் வருகிறது. சிறு பிள்ளைகளிடம் இந்த வேறுபாடு பெரிது.

வகுப்பாசிரியையை நேரில் பார்த்து, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே தரையையோ மேசையையோ பார்த்தபடி செய்ய அவனை அனுமதிக்கலாமா என்று கேளுங்கள். சிரிப்பு வந்தால் அது வயிற்றில் எங்கே தொடங்குகிறது, எப்படித் தொண்டைக்கு ஏறுகிறது என்று கவனிக்கச் சொல்லிப் பாருங்கள். சிரிப்பும் கவனிக்கத் தகுந்த பொருள்தான். வீட்டில் “இன்றைக்கு ஒழுங்காகச் செய்தாயா?” என்ற கேள்வி மட்டும் வேண்டாம். “இன்றைக்கு மனசு எங்கெல்லாம் போயிற்று?” என்று கேட்டால் நிறையச் சொல்வான்.

கேள்வி: இந்த வகுப்பால் மதிப்பெண் கூடுமா? (வாசகர், மதுரை)

பதில்: கூடும் என்று யாராவது உறுதியளித்தால் நம்ப வேண்டாம். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் நான்காம், ஐந்தாம் வகுப்புக் குழந்தைகள் 99 பேரைக் கொண்டு நடத்திய ஓர் ஆய்வு 2015-இல் வெளிவந்தது. முழுக்கவனத்தோடு பிறருக்கு உதவும் பழக்கங்களையும் சேர்த்துக் கற்ற குழந்தைகளிடம், கவனத்திலும் சக மாணவர்களோடு இணங்கிப் போவதிலும் முன்னேற்றம் தெரிந்தது. அது சிறிய ஆய்வு. மேலும், மதிப்பெண்ணுக்காக என்று சொல்லித் தொடங்கினால், மூச்சு விடுவதிலும் முதலிடம் வாங்க வேண்டும் என்ற பாரம் குழந்தையின் தலையில் ஏறிவிடும்.

கேள்வி: லண்டனில் ஹாரோ பகுதியில் வசிக்கிறோம். 12 வயது மகளுக்குப் பள்ளியில் முழுக்கவன வகுப்பு நடக்கிறது. அவள் அதை ‘போரிங்’ என்கிறாள். ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வு ஒன்றில் இதனால் பயனில்லை என்று தெரிந்துவிட்டதாக நண்பர் ஒருவர் சொல்கிறார். அப்படியானால் நேரம் வீண்தானே? (வாசகி, லண்டன்)

பதில்: உங்கள் நண்பர் குறிப்பிடுவது ‘மிரியட்’ என்னும் ஆய்வு. இதை ஓரளவு விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் இதை முன்வைத்து ‘எல்லாம் ஏமாற்று’ என்போரும், இதைக் கண்டுகொள்ளாமல் ‘எல்லாருக்கும் நல்லது’ என்போரும் குழந்தைகள் சொன்னதைக் கேட்கத் தவறிவிடுகிறார்கள்.

பிரிட்டனில் 2009-இல் பள்ளி ஆசிரியர்களே முன்னின்று தொடங்கிய ஓர் அமைப்பு, ‘டாட் பி’ (.b) என்ற பாடத்திட்டத்தை உருவாக்கியது. ‘நில், மூச்சைக் கவனி, சற்றே இரு’ என்பது அப்பெயரின் உட்பொருள். பத்துப் பாடங்கள் கொண்ட அதனை, பயிற்சி பெற்ற பள்ளி ஆசிரியர்களே கற்பித்தார்கள். இதனால் பிள்ளைகளுக்கு உண்மையில் நன்மை உண்டா என்று அறிய, மிரியட் ஆய்வுக் குழுவினர் 85 பள்ளிகளில், 8,000-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் சோதித்தார்கள். தொடக்கத்தில் அவர்களுக்கு வயது 11 முதல் 13 வரை, அதாவது உங்கள் மகளின் வயதுதான். முடிவுகள் 2022 ஜூலையில் வெளிவந்தன. மனச்சோர்வைத் தடுப்பதிலோ, நல்வாழ்வை மேம்படுத்துவதிலோ, பள்ளிகளில் வழக்கமாக நடைபெற்றுவந்த சமூக, உணர்வுக் கல்வியைவிட (பிறரோடு பழகவும் உணர்வுகளைக் கையாளவும் கற்றுத்தரும் வகுப்புகளைவிட) முழுக்கவன வகுப்புகள் மேலானவை என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை.

இங்கே ‘வழக்கமாக நடைபெற்றுவந்த’ என்பதைக் கவனிக்க வேண்டும். இந்த வகுப்பை ஒன்றுமில்லாத வெற்றிடத்தோடு அவர்கள் ஒப்பிடவில்லை. ஏற்கெனவே நடந்துவந்த நல்ல வகுப்புகளோடு ஒப்பிட்டார்கள். அடுத்து, பெரும்பாலான மாணவர்கள் வீட்டில் செய்யச் சொன்ன பயிற்சியைச் செய்யவே இல்லை. நீச்சல் குளத்தின் ஓரத்தில் அமர்ந்து பாடம் கேட்டுவிட்டுத் தண்ணீரில் இறங்காமல் வீடு திரும்புவதைப் போன்றது அது. ஏன் செய்யவில்லை என்ற கேள்விக்கு விடை உங்கள் மகள் சொன்ன அந்த ஒற்றைச் சொல்லிலேயே இருக்கிறது. மாணவர்களின் கருத்துகள் மிகவும் பிடித்தது என்பதில் தொடங்கி அறவே பிடிக்கவில்லை என்பது வரை பரவிக் கிடந்தன. ஏற்கெனவே மனச்சிக்கல்களின் அறிகுறி இருந்த பிள்ளைகளுக்கு இது பொருந்தாமல் போகலாம் என்ற எச்சரிக்கையும் அதே ஆய்வுக் குழுவிடமிருந்து வந்தது. அந்த எச்சரிக்கையை ஒவ்வொரு பள்ளியும் அறிந்திருக்க வேண்டும் என்று அழுத்தமாகச் சொல்வேன். மறுபுறம், கற்பித்த ஆசிரியர்களுக்குப் பணிச்சோர்வு குறைந்தது. பள்ளியின் சூழலிலும் நல்ல மாற்றம் தெரிந்தது.

பன்னிரண்டு, பதின்மூன்று வயது என்பது பிறர் தன்னைப் பார்க்கிறார்களோ என்ற எண்ணம் உடலெங்கும் ஊறும் பருவம். வகுப்புத் தோழர்கள் முன்னிலையில் கண்ணை மூடி, காலைத் தரையில் ஊன்றி உட்காருவது அந்த வயதில் எவ்வளவு சங்கடம் என்பதைப் பெரியவர்களாகிய நாம் மறந்துவிட்டோம். அந்தச் சங்கடத்தையே சில பிள்ளைகள் ‘போரிங்’ என்று சொல்கிறார்கள். வேறு சிலருக்கு உண்மையிலேயே சலிப்பாக இருக்கிறது. எது என்பதை உங்கள் மகளிடம் கேட்டுத்தான் அறிய முடியும். சலிப்புதான் என்றால் அதைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம். அந்த வகுப்பில் பிடித்தது ஒன்றாவது உண்டா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். ஏழு எண்ணி மூச்சை இழுத்துப் பதினொன்று எண்ணி விடுவதை, தேர்வு அறைக்குள் நுழையும் முன்பும், தூக்கம் வராத இரவிலும் மட்டும் செய்துகொள்ளும் பிள்ளைகள் உண்டு. வகுப்பு முழுவதும் வீணென்று சொல்லிவிட்டு, அந்த ஒன்றை மட்டும் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார்கள். அது போதாது என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை.

கேள்வி: இது நம் முன்னோர் செய்த தியானம்தானே? வெள்ளைக்காரன் பெயர் வைத்துத் திருப்பி அனுப்பினால்தான் நம் பள்ளிகளுக்குப் பிடிக்குமா? மேலும், வேற்று மதத்துக் குழந்தைகளின் பெற்றோர் ஆட்சேபித்தால் என்ன செய்வது? (வாசகர், கும்பகோணம்)

பதில்: வேர் இங்கேதான் இருக்கிறது என்பதில் ஐயமில்லை. பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியில் விழிப்போடு நினைவில் வைத்திருப்பதைக் குறிக்கும் ‘சதி’ என்ற சொல்லே இதற்கு மூலம். இலங்கையில் ஆங்கிலேய அரசின் நிர்வாகப் பணியில் இருந்தபோது பாலி கற்ற ரைஸ் டேவிட்ஸ் என்பவர், 1881-இல் வெளியான தம் மொழிபெயர்ப்பில் அதற்கு ‘மைண்ட்ஃபுல்னெஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லை வைத்தார். 1979-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபட்-ஜின், நாள்பட்ட வலியாலும் மன அழுத்தத்தாலும் வருந்திய நோயாளிகளுக்காக, சமயக் கூறுகளை விலக்கிப் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். பள்ளிகளுக்கு வந்திருப்பது பெரும்பாலும் அந்தக் கிளையின் காய்தான். பர்மாவில் பிறந்து 1969-இல் இந்தியாவுக்கு வந்து விபாசனா என்னும் தியான முறையைப் பரப்பிய கோயங்காவின் வழியில் குழந்தைகளுக்குக் கற்றுத்தரும் ஆனாபானம் இன்னொரு கிளை. இயல்பாக வந்துபோகும் மூச்சைப் பார்ப்பது மட்டுமே அதில் உண்டு. மந்திரமோ உருவமோ கிடையாது.

உரிமை கொண்டாடுவதால் குழந்தைக்கு ஒன்றும் கிடைக்கப் போவதில்லை, ஐயா. ஆனால் உங்கள் இரண்டாம் கேள்வி மிக முக்கியமானது. பெற்றோர் ஆட்சேபித்தால் அவர்களை வகுப்புக்கே அழைத்து உட்காரவைக்க வேண்டும். அங்கே வழிபாட்டுச் சொற்களோ, முத்திரைகளோ, படங்களோ இருந்தால் அவர்கள் ஆட்சேபிப்பது நியாயம். பள்ளிதான் மாற்றிக்கொள்ள வேண்டும். தில்லி அரசுப் பள்ளிகளில் 2018 ஜூலை 2 அன்று, தலாய் லாமா முன்னிலையில் ‘மகிழ்ச்சிப் பாடத்திட்டம்’ தொடங்கப்பட்டபோது, அதன் முதல் அங்கத்தைத் ‘தியானம்’ என்று சொல்லாமல் ‘தியான் தேனா’, அதாவது ‘கவனம் கொடுத்தல்’, என்றே அமைத்தார்கள். இந்தியில் ‘தியான்’ இரண்டுக்கும் பொதுவான சொல் என்பதால், இந்தப் பிரிப்பு எல்லா வீட்டுப் பிள்ளைகளையும் மனத்தில் வைத்துச் செய்ததாக எனக்குப் படுகிறது.

கேள்வி: அரசு உதவி பெறும் பள்ளியில் ஆறாம் வகுப்பு ஆசிரியையாக இருக்கிறேன். 46 மாணவர்கள். ‘தினமும் முழுக்கவனப் பயிற்சி நடத்துங்கள்’ என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. பயிற்சி எதுவும் தரவில்லை. கண்ணை மூடச் சொன்னால் கிசுகிசுப்பு, சீண்டல், ஒரே இரைச்சல். எப்படி நடத்துவது? (வாசகி, திருநெல்வேலி)

பதில்: உங்கள் நிலை எனக்குப் புரிகிறது, டீச்சர். பயிற்சி தராமல் இப்படி ஒரு பொறுப்பைத் தூக்கிக் கொடுப்பது முறையன்று. நான் மேலே சொன்ன பிரிட்டன் ஆய்வில் ஆசிரியர்கள் முதலில் தாங்களே எட்டு வாரம் பயின்றார்கள். அதன் பிறகே பிள்ளைகளுக்குக் கற்றுத்தரப் பயிற்சி பெற்றார்கள். அத்தனைக்குப் பிறகும் பிள்ளைகளிடம், வழக்கமான வகுப்புகளைவிடக் கூடுதல் பலன் தெரியவில்லை. நிர்வாகத்திடம் இதை எடுத்துச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

அதுவரை மூச்சை விட்டுவிடுங்கள். மூச்சு கண்ணுக்குத் தெரியாது, கைக்குப் பிடிபடாது. பதினொரு வயதுப் பிள்ளைக்கு அது கடினமான தொடக்கம். ஓசையில் தொடங்குங்கள். நான் பார்த்த ஒரு வகுப்பில், ஆசிரியை பித்தளைச் சொம்பு ஒன்றைத் துணி மடிப்பின்மேல் வைத்து, கரண்டிக் காம்பால் ஒருமுறை தட்டினார். ஓசை முழுவதும் அடங்கிவிட்டது என்று யாருக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது கையைத் தூக்க வேண்டும், அவ்வளவுதான் விதி. முதலில் பத்துப் பன்னிரண்டு கைகள் அவசரமாக எழுந்தன. பிறகு ஒவ்வொன்றாக. கடைசி வரிசையில் ஒரு பையன் கழுத்தைச் சாய்த்தபடி வெகுநேரம் கையைத் தூக்கவில்லை. எல்லாருக்கும் அடங்கிப்போன ஓசை அவனுக்கு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அவன் கை எழும்வரை வகுப்பே மூச்சைப் பிடித்துக் காத்திருந்தது. அமைதியாக இரு என்று அங்கே ஒருவரும் சொல்லவில்லை.

இன்னொன்று, நெல்லிக்காய். மேலைநாட்டு வகுப்புகளில் உலர்திராட்சை ஒன்றைக் கையில் கொடுத்து, பார்த்து, தொட்டு, முகர்ந்து, மெதுவாகச் சுவைக்கச் சொல்வார்கள். நமக்கு நெல்லிக்காயைவிடச் சிறந்த பாடப்பொருள் கிடைக்காது. முதலில் அதன் மெல்லிய கோடுகளை எண்ணச் சொல்லுங்கள். கடித்ததும் புளிப்பு தாடையில் எந்த இடத்தைப் பிடித்து இழுக்கிறது, துவர்ப்பு நாக்கில் எப்போது வருகிறது என்று கேளுங்கள். பிறகு ஆளுக்கு ஒரு வாய் தண்ணீர். அந்தத் தண்ணீர் ஏன் இனிக்கிறது என்ற வியப்பே அவர்களைப் பேசவைக்கும். ஒருவன் சொன்னதை இன்னொருவன் மறுப்பான். மறுக்கட்டும். ஒரே காயை 46 பேர் 46 விதமாக உணர்ந்தார்கள் என்பதைப் பிள்ளைகள் தாமே கண்டுகொள்வார்கள்.

தில்லித் திட்டத்தில் என்னைக் கவர்ந்த இரண்டு கூறுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று, அளவு: வகுப்பின் தொடக்கத்தில் சில நிமிடம், முடிவில் ஓரிரு நிமிட மௌனம்; இடையில் கதையும் உரையாடலும். மற்றொன்று, அதற்குத் தேர்வு வைக்கவில்லை. நீங்களும் ஐந்து நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம். வகுப்பு இரைந்தால் ‘எல்லாரும் கண்ணை மூடி உட்காருங்கள்’ என்று இதைத் தண்டனையாக ஒருநாளும் பயன்படுத்தாதீர்கள். முட்டி போடச் சொல்வதற்குப் பதிலாக மூச்சைக் கவனிக்கச் சொன்னால், பிள்ளைகளுக்கு இரண்டும் ஒன்றாகிவிடும். அதன் பிறகு எத்தனை சொம்பு தட்டினாலும் அவர்கள் வரமாட்டார்கள்.

கிசுகிசுப்பு இருக்கத்தான் செய்யும். செய்ய விருப்பமில்லாதவர்கள் பிறரைத் தொந்தரவு செய்யாமல் வரைந்துகொண்டோ, சன்னல் வழியே பார்த்துக்கொண்டோ இருக்கலாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். சன்னல் வழியே ஓணானைக் கண்கொட்டாமல் பார்க்கும் பிள்ளையின் கவனம், கண்ணை மூடிக்கொண்டு நெளியும் பிள்ளையின் கவனத்துக்குக் குறைந்தது அன்று.

கேள்வி: நான் ஒன்பதாம் வகுப்பு மாணவி. எங்கள் பள்ளியில் வாரம் இருமுறை இந்த வகுப்பு. கண்ணை மூடியதும் வீட்டில் நடந்த சில விஷயங்கள் ஞாபகம் வந்து நெஞ்சு படபடக்கிறது, கை வியர்க்கிறது. மற்றவர்கள் எல்லாரும் அமைதியாக இருக்கிறார்கள். எனக்கு மட்டும் ஏன் இப்படி? நான் என்ன செய்வது? (பெயரும் ஊரும் வெளியிடவில்லை)

பதில்: அன்புள்ள மகளே, நீ எழுதியது நல்லதாயிற்று. உனக்கு மட்டும் இப்படி நடக்கவில்லை. மனத்தைப் புண்படுத்திய அனுபவம் உள்ளவர்களுக்கு, வெளியே சத்தம் குறைந்து கண்ணும் மூடியதும் உள்ளே இருப்பது மேலே வருவது உண்டு, பெரியவர்களுக்கும் வருகிறது. அது உன் பலவீனமும் இல்லை, நீ பயிற்சியைத் தவறாகச் செய்வதும் இல்லை. மற்றவர்கள் அமைதியாக இருப்பதாக உனக்குத் தோன்றுகிறது. உன்னைப் பார்க்கிறவர்களுக்கும் நீ அமைதியாக இருப்பதாகத்தான் தோன்றியிருக்கும்.

இனி அந்த வகுப்பில் நீ கண்ணை மூட வேண்டியதில்லை, மூச்சையும் கவனிக்க வேண்டியதில்லை. படபடப்பு வந்தால் இரு பாதங்களையும் தரையில் அழுத்தி வைத்துக்கொள். பெஞ்சின் விளிம்பைக் கையால் தொட்டு, அது வழவழப்பா சொரசொரப்பா என்று பார். அறையில் நீல நிறத்தில் உள்ள பொருள்களை எண்ணு. அதற்கும் அடங்கவில்லை என்றால் எழுந்து வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். இதில் எதுவும் ஒழுங்கீனம் ஆகாது.

வீட்டில் நடந்தது என்ன என்று நீ எழுதவில்லை. இங்கே எழுத வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால் அதை நீ தனியாகச் சுமக்கக் கூடாது. உனக்கு நம்பிக்கையான ஓர் ஆசிரியை, அத்தை, பாட்டி, யாராக இருந்தாலும் சரி, அவர்களிடம் சொல். யாரேனும் உன்னைத் துன்புறுத்தினாலோ, வீட்டில் இருக்கப் பயமாக இருந்தாலோ 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைக்கலாம். மனம் பாரமாக இருக்கும்போது பேசுவதற்கு 14416 என்ற டெலி மானஸ் எண் இருக்கிறது; அங்கே தமிழிலேயே பேசலாம். முதலில் நம்பிய ஒருவர் சரியாகக் காது கொடுக்கவில்லை என்றால், அதோடு நிறுத்திவிடாமல் இன்னொருவரிடம் சொல்.

வகுப்பு ஆசிரியையிடம் எல்லாவற்றையும் விளக்க வேண்டும் என்று நினைத்துத் தயங்காதே. “மிஸ், கண்ணை மூடினால் எனக்குப் பயமாக இருக்கிறது, திறந்து வைத்துக்கொள்கிறேன்” என்ற ஒரு வாக்கியம் போதும். நேரில் சொல்லக் கூச்சமாக இருந்தால் ஒரு துண்டுத் தாளில் எழுதி, வகுப்பு தொடங்கும் முன்பே அவர் மேசையில் வைத்துவிடு.